பெயில் பாண்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அமெரிக்காவில் நம் ஆட்களில் யாராவது கைதானால் முதல் போன் வக்கீலுக்குப் போவதில்லை, நண்பனுக்குத்தான் போகும். அந்த நண்பன் கிரீன் கார்டோ குடியுரிமையோ வாங்கி, ஒரே வேலையில் பல வருஷம் இருந்து, சொந்த வீடும் வைத்திருந்தால் அடுத்த கேள்வி இதுதான்: “அண்ணா, ஒரு கையெழுத்து மட்டும்தானாம், காசெல்லாம் நாங்களே கட்டிக்கிறோம், நீங்க வந்து போட்டுக் குடுத்தா போதும்.” அந்த “மட்டும்தானாம்” என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு, முக்கியமாகக் கதவு, கண்ணாடி, வண்டி என்று பொருளைச் சேதப்படுத்தியதாக வரும் கேஸ்களில். நான் வக்கீல் இல்லை. கலிஃபோர்னியாவில் இருக்கிறேன், தெரிந்த குடும்பங்களுக்காக இந்த மாதிரி படிவங்களை வரி விடாமல் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அங்கே உள்ள சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது மாநிலத்துக்கு மாநிலம் தலைகீழாக மாறும். கென்டக்கி, ஓரிகன், விஸ்கான்சின் மாநிலங்களில் பெயில் பாண்ட், அதாவது ஏஜென்ட் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் போடும் வியாபாரமே கிடையாது. இலினாய் 2023 செப்டம்பர் 18 முதல் காசு கட்டி ஜாமீன் எடுக்கும் முறையையே எடுத்துவிட்டது.

நமக்கு ஜாமீன் என்றால் மனதில் வருவது ஊர்க்காட்சி. இரண்டு பேர் ஜாமீன்தாரராகக் கோர்ட்டுக்கு வருவார்கள், ஆதாரும் வீட்டு வரி ரசீதும் கையில் இருக்கும், நீதிபதி கேட்டால் “ஆமாம், எனக்குத் தெரிந்தவர்தான்” என்பார்கள். ஆள் வாய்தாவுக்கு வராமல் போனால் அவர்கள்மேல் நடவடிக்கை வரும். அங்கேயும் பொறுப்பு உண்டுதான், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 446ஆவது பிரிவு, இப்போதைய புதிய சட்டத்தில் 491. ஆனால் ஊரில் காசு வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாதவனுக்கு ஜாமீன் போடுவது திருட்டு வேலை. இங்கே அது லைசென்ஸ் வாங்கிய தொழில், சிறைக்கு எதிர்ச்சாரியில் நியான் போர்டு வைத்து இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் கடை. உலகத்தில் கிட்டத்தட்ட அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் மட்டும்தான் இந்தத் தொழில் சட்டபூர்வமாக நடக்கிறது. அதனால் ஊர் ஜாமீன் நினைப்பில் போய் இதில் கையெழுத்துப் போட்டால் நிச்சயம் குழம்புவோம்.

சரி, இது எப்படி ஓடுகிறது? சிறையிலிருந்து ஆளை விட 20,000 டாலர் ஜாமீன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் காசையும் நீங்களே கட்டினால் கேஸ் முடிந்ததும் திரும்பி வரும். கையில் இல்லையென்றால் பெயில் ஏஜென்டிடம் போகிறீர்கள். கலிஃபோர்னியாவில் பொதுவாகப் பத்து சதவீதம், அதாவது 2,000 டாலர், பிரீமியம் என்று வாங்கிக்கொள்வார். இந்த விகிதத்தை அவருக்குப் பின்னால் இருக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி மாநில இன்ஷூரன்ஸ் துறையில் பதிந்து வைத்திருக்க வேண்டும். அந்த 2,000 திரும்பி வரவே வராது. மறுநாளே கேஸ் தள்ளுபடியானாலும், அரசு வக்கீல் கேஸே போடாமல் விட்டாலும், ஆள் நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் வராது. ஆளை வெளியே கொண்டுவந்ததற்கான கூலி அது.

அப்புறம் ஏஜென்ட் கோர்ட்டுக்கு ஒரு பத்திரம் கொடுக்கிறார்: இந்த ஆள் வராவிட்டால் 20,000 டாலர் நாங்கள் தருகிறோம். அந்தப் பத்திரத்துக்குப் பின்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனி நிற்கிறது. கம்பெனி தன் நஷ்டத்தை ஏஜென்டிடம் வாங்கிக்கொள்ளும், ஏஜென்ட் தன் நஷ்டத்தைக் கையெழுத்துப் போட்டவரிடம் வாங்கிக்கொள்வார். கோ-சைனர் (கூடக் கையெழுத்துப் போடுகிறவர்) என்று வாயால் சொன்னாலும் படிவத்தில் உங்கள் பெயர் இருக்கும் இடத்தில் இன்டெம்னிட்டர் என்றுதான் அச்சடித்திருக்கும், அதாவது இவர்கள் எல்லோருடைய நஷ்டத்தையும் ஈடு கட்டுகிறவர். காசைத் தருவதாக மேலே இருக்கிறவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வர, கடைசியில் நிஜமாகவே எடுத்துவைக்க வேண்டியவர் நீங்கள். நீங்கள் 2,000 டாலருக்குக் கையெழுத்துப் போடவில்லை, 20,000 டாலருக்குப் போடுகிறீர்கள். இந்த ஒரு வரியை மட்டும் யாரும் போனில் சொல்வதில்லை.

பொருள் சேதக் கேஸ் எப்படி வருகிறது என்று பார்த்தால், நம் ஆட்களிடம் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கதைதான். ரூம்மேட்டோடு சண்டை, கதவில் ஓங்கி உதை. பார்க்கிங் தகராறில் பக்கத்து வண்டியில் சாவியால் ஒரு கோடு. குடித்துவிட்டு ரெஸ்டாரன்ட் கண்ணாடி. ஊரில் இதெல்லாம் பஞ்சாயத்துப் பேசி இரண்டாயிரம் ரூபாயில் முடிந்துவிடும் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கையில் விலங்கு மாட்டிவிடுகிறார்கள். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 594ஆவது பிரிவு, வேண்டலிசம், அதாவது அடுத்தவர் பொருளை வேண்டுமென்றே சேதப்படுத்துவது. அதில் எல்லைக்கோடு 400 டாலர். சேதம் அதற்குக் கீழே என்றால் மிஸ்டிமீனர், சிறு குற்றம். 400ஐத் தொட்டுவிட்டால் அரசு வக்கீல் விருப்பப்படி மிஸ்டிமீனராகவும் போடலாம், ஃபெலனியாகவும், அதாவது பெருங்குற்றமாகவும், போடலாம், அபராதம் 10,000 டாலர் வரை. சேதமே 10,000 டாலருக்கு மேல் போனால் அபராதம் 50,000 வரை போகும். பாடி ஷாப்பில் ஒரு கதவுக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் 400 டாலர் என்பது ஒன்றுமே இல்லை. அதனால்தான் ஒரு கோடு கிழித்ததற்கு ஃபெலனி கைது என்று கேட்டு வீட்டில் எல்லோரும் அரண்டுபோகிறார்கள்.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஜாமீன் தொகைக்கும் உடைந்த கண்ணாடிக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. 20,000 டாலர் ஜாமீன் என்றால் 20,000 டாலருக்குச் சேதம் என்று அர்த்தமில்லை. கவுன்டிக்குக் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நீதிபதிகள் போட்டுவைத்திருக்கும் பட்டியலில் அந்தக் குற்றத்துக்கு நேரே இருக்கும் எண் அது. ஏஜென்டுக்குக் கொடுத்த 2,000 டாலரில் ஒரு காசு கூடக் கண்ணாடிக்குச் சொந்தக்காரருக்குப் போகாது. தண்டனையானால் நஷ்ட ஈட்டைக் கோர்ட் தனியாகக் கட்டச் சொல்லும், அதைக் கட்ட வேண்டியது குற்றம் செய்தவர், கோ-சைனர் இல்லை. நல்ல செய்திதான். ஆனால் அதே நேரம் யோசித்துப் பாருங்கள், ராத்திரியோடு ராத்திரியாக ஏஜென்டுக்கு 2,000 டாலர் கொடுத்த குடும்பத்தில், அடுத்த வாரம் கண்ணாடிக்காரரைப் பார்த்து 900 டாலர் கொடுத்து விஷயத்தைச் சமாதானமாக முடிக்கலாமா என்று வக்கீல் கேட்கும்போது கையில் காசு இருக்காது.

அந்தச் சமாதானம் சும்மா வாய்ப்பேச்சு இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. மிஸ்டிமீனர் கேஸாக இருந்து, பாதிக்கப்பட்டவர் கோர்ட்டில் வந்து “என் நஷ்டம் எனக்குக் கிடைத்துவிட்டது” என்று சொன்னால் நீதிபதி கேஸை முடித்துவிடலாம், 1377, 1378 பிரிவுகள். எல்லாக் கேஸுக்கும் பொருந்தாது. குடும்ப வன்முறை கலந்திருந்தால் கிடையாது, நீதிபதி மனது வைக்கவும் வேண்டும். ஒரு எச்சரிக்கை: உடைத்தவரே நேராகப் போய் “காசு தர்றேன், கேஸை விட்ருங்க” என்று கேட்கக்கூடாது. அது சாட்சியை மிரட்டியதாகவும் திரும்பும். வக்கீல் மூலமாகத்தான். உடைந்தது மனைவியின் போனோ மடிக்கணினியோ என்றால் கதையே வேறு, அது குடும்ப வன்முறைக் கேஸாக மாறிவிடும், பக்கத்தில் போகக்கூடாது என்று கோர்ட் உத்தரவும் வரும். அந்த மாதிரி கேஸில் அவசரப்பட்டு ஜாமீன் எடுத்து, ஆளைத் தன் வீட்டில் தங்கவைக்க நேர்ந்த நண்பர்களை எனக்குத் தெரியும்.

இப்போது படிவத்துக்கு வருவோம். கடையில் உட்கார்ந்து பேனாவால் போடுவது குறைந்துவிட்டது, இப்போது போனுக்கே லிங்க் வரும், விரலால் கீறினால் முடிந்தது. திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாக ஓடும். உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண், வேலை செய்யும் இடம், மேலாளர் பெயர், சமீபத்திய சம்பளச் சீட்டு, வண்டியின் நம்பர், இங்கே இருக்கும் உறவினர்கள் நண்பர்களின் பெயரும் போன் நம்பரும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் முகவரி வரை கேட்டார்கள். விசாவில் இருக்கும் ஆளுக்கு ஜாமீன் என்றால் ஏஜென்டுக்கு ஒரே பயம்தான்: இவன் ராத்திரி ஃபிளைட் பிடித்துச் சென்னை போய்விட்டால்? அதனால் அடமானம் கேட்பார். உங்கள் வண்டியின் பிங்க் ஸ்லிப், அதாவது உரிமைச் சான்றிதழ், இல்லாவிட்டால் வீட்டின்மேல் ஒரு உரிமைப் பத்திரம். ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் சின்னதாக இனிஷியல் போடும் கட்டம் இருக்கும், மஞ்சளில் மின்னிக்கொண்டு “அடுத்தது, அடுத்தது” என்று இழுத்துக்கொண்டே போகும். அந்த மஞ்சள் அம்பு இழுக்கும் வேகத்துக்குப் போகாமல் சில இடங்களில் நிறுத்திப் படிக்க வேண்டும்.

எந்த இடங்களில்? ஆள் தப்பித்தால் தேடிப் பிடிக்கும் செலவு யாருடையது என்கிற பத்தியில். பெரும்பாலும் உங்களுடையது. ஜாமீன் தொகைக்கு மேலே தேடும் செலவு, வக்கீல் செலவு, வட்டி எல்லாம் சேரும் என்று எழுதியிருக்கும். அப்புறம், கையெழுத்துப் போட்டவர்கள் “கூட்டாகவும் தனித்தனியாகவும்” பொறுப்பு என்கிற வரியில். நான்கு பேர் போட்டிருந்தாலும் ஆளுக்குக் கால்பங்கு என்று கணக்கில்லை. யாரிடம் சொத்து இருக்கிறதோ அவரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். “பாக்கி மூணு பேரும் இருக்காங்களே” என்கிற தைரியம் காகிதத்தில் நிற்காது. மூன்றாவது, தவணை. 2,000 டாலருக்குப் பதிலா இப்போதைக்கு 300 கொடுங்கள், மீதியை மாதாமாதம் கட்டலாம் என்பார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கும். மீதி 1,700க்கும் நீங்கள் கடன்காரர். இந்தத் தவணை விஷயத்தில் 2021இல் கலிஃபோர்னியா அப்பீல் கோர்ட் ஒரு நல்ல தீர்ப்புக் கொடுத்தது: இது நுகர்வோர் கடன் போன்றதுதான், அதனால் வேறு கடனுக்குக் கூடவே கையெழுத்துப் போடுகிறவருக்குக் கொடுக்க வேண்டிய சட்ட எச்சரிக்கை நோட்டீஸை இவருக்கும் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அந்தப் பிரீமியம் பாக்கியை அவரிடம் வசூலிக்க முடியாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு வசூல் ஏஜென்சியிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள் இதை ஒரு வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் இந்தப் பாதுகாப்பு பிரீமியம் பாக்கிக்குத்தான், ஆள் ஓடிப்போனால் வரும் 20,000க்கு இதை நீட்டிக்கொண்டு போக முடியாது.

ஆள் வராமல் போனால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பயமும் இங்கேதான் தேவைக்கு அதிகமாக இருக்கிறது, அலட்சியமும் இங்கேதான். கலிஃபோர்னியாவில் பத்திரம் பறிபோவது ஒரே காரணத்துக்குத்தான், வர வேண்டிய நாளில் சரியான காரணமில்லாமல் கோர்ட்டுக்கு வராமல் இருப்பது. அவர் குற்றவாளி என்று தீர்ப்பானால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, தண்டனை வாங்கப் போய்ச் சேர்ந்துவிட்டால் உங்கள் பொறுப்பு முடிந்தது. இன்னொரு தப்பு செய்து மறுபடி கைதானால்கூட அதற்காகவே பத்திரம் போகாது, ஜாமீன் தொகை ஏறலாம், ஏஜென்ட் ஆளைத் திரும்ப ஒப்படைக்கலாம். வராவிட்டால் நீதிபதி அன்றைக்கே பத்திரம் பறிமுதல் என்று அறிவிப்பார், வாரண்ட் போகும். ஆனால் காசு அன்றைக்கே போகாது. நோட்டீஸைத் தபாலில் அனுப்பிய நாளிலிருந்து கணக்கிட்டு 185 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஆள் வந்து சேர்ந்தாலோ பிடிபட்டாலோ பறிமுதலை விலக்க வழி இருக்கிறது. கோர்ட் இன்னும் அவகாசமும் கொடுக்கலாம். ஆக, தேதியை மறந்து தூங்கிப்போன தம்பியை மறுநாள் காலையில் வக்கீலோடு கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். மூடி மறைத்துவிட்டு மூன்று மாசம் கழித்துச் சொன்னால்தான் சிக்கல். நாள் தாண்டிவிட்டால் கோர்ட் கம்பெனிமேல் தீர்ப்புப் போடும், கம்பெனி ஏஜென்டிடம் வரும், ஏஜென்ட் உங்களிடம் வருவார். கொடுக்கவில்லையென்றால் சிவில் வழக்கு, தீர்ப்பு, சம்பளத்தில் பிடித்தம், அடமானம் வைத்த வண்டி, வீடு.

“எனக்குப் பயமா இருக்கு, என் பேரை எடுத்துடுங்க” என்று பாதியில் சொல்ல முடியுமா? பெயரைத் தனியாக அழிக்க முடியாது. ஏஜென்டிடம் சொல்லி ஆளைத் திரும்பச் சிறையில் ஒப்படைக்கச் செய்யலாம், அப்போது பொறுப்பு விலகும். நண்பனை உள்ளே தள்ளியவர் என்கிற பெயர் வரும், கட்டிய பிரீமியமும் பெரும்பாலும் போன மாதிரிதான். நியாயமான காரணமே இல்லாமல் ஏஜென்ட் தானாகவே ஒப்படைத்திருந்தால் மட்டும் பிரீமியத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் அபிப்பிராயம்: பொருள் சேதக் கேஸில் முதல் ராத்திரியே பெயில் பாண்டுக்கு ஓடுவது பெரும்பாலும் அவசரம். கைதானவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 48 மணி நேரம்தான். முன்கதை ஒன்றும் இல்லாத, நிலையான வேலையும் முகவரியும் இருக்கிற ஆளை, யாருக்கும் அடிபடாத கேஸில், காசு கட்டாமல் சொந்தப் பொறுப்பில் நீதிபதி விட்டுவிடுவது சகஜம். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் ஹம்ஃப்ரி வழக்கில், காசு கட்ட முடியவில்லை என்கிற ஒரே காரணத்துக்காக ஒருவரை உள்ளே வைத்திருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கின் முதியவர் பக்கத்து அறைக்காரரிடமிருந்து சில டாலரும் ஒரு சென்ட் பாட்டிலும் பறித்ததாகக் குற்றச்சாட்டு, ஜாமீன் முதலில் 6,00,000 டாலர், பிறகு 3,50,000. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் 2023 அக்டோபர் முதல் வன்முறை இல்லாத பல குற்றங்களுக்குக் கோர்ட்டுக்கு வரும் முன்பே காசு இல்லாமல் விடும் முறை வந்துவிட்டது. மாநிலம் முழுக்க இந்த வியாபாரத்தையே ஒழிக்கும் சட்டம் 2018இல் நிறைவேறியது, 2020 நவம்பர் வாக்கெடுப்பில் ஜனங்களே வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். அதனால்தான் நியான் போர்டுகள் இன்னும் எரிகின்றன.

ஆக வார நாளில் என்றால் பெரும்பாலும் ஒரு ராத்திரி, மிஞ்சினால் இரண்டு ராத்திரி. கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. வியாழன் ராத்திரி கைதாகி வெள்ளி விடுமுறை என்றால் கணக்கு இழுக்கும், உடம்பு முடியாதவர், வேலை போய்விடும் நிலையில் இருப்பவர் என்றால் காத்திருக்கச் சொல்ல முடியாது. அப்போதும் நம் ஐடி குடும்பங்களில் பலரிடம் 20,000 டாலர் சேமிப்பில் இருக்கும், அதை நேராகக் கோர்ட்டிலேயே கட்டிவிடுவது பாண்டைவிட எவ்வளவோ மேல். ரசீதை மட்டும் கட்டுகிற உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள், கைதானவர் பெயரில் கட்டினால் அபராதத்துக்கும் நஷ்ட ஈட்டுக்கும் அதிலிருந்து கழித்துக்கொள்ள இடமுண்டு. மிச்சம் பிடித்த 2,000 டாலரை வக்கீலுக்குக் கொடுங்கள்.

ஹெச்-1பி (வேலை விசா), எஃப்-1 (மாணவர் விசா) இவற்றில் இருப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாக. கிரிமினல் வக்கீல் மட்டும் போதாது, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன்னால் குடியேற்ற வக்கீலையும் பாருங்கள். ஒப்புக்கொண்டால் நாடு கடத்தல் வருமா என்று சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, அதனால் கேட்கத் தயங்க வேண்டாம். கேஸ் நடக்கும்போது ஊருக்குப் போக வேண்டிவந்தால், அக்கா கல்யாணமோ அப்பா ஆஸ்பத்திரியோ எதுவானாலும், கோர்ட் அனுமதியும் ஏஜென்டின் எழுத்துமூலச் சம்மதமும் இல்லாமல் விமானம் ஏறக்கூடாது. இதைக் கையெழுத்துப் போட்டவர்தான் நச்சரித்துக்கொண்டே இருக்க வேண்டும். விசா ஸ்டாம்பிங் சிக்கி அங்கேயே மாட்டிக்கொண்டால் வாய்தா இங்கே ஓடிவிடும்.

எனக்கே இப்படி ஒரு போன் வந்தால் நான் கேட்பது: எந்த கவுன்டி, எந்தப் பிரிவு, ஜாமீன் எவ்வளவு, கோர்ட் தேதி எப்போது. ஷெரிஃப் இணையதளத்தில் பெயரைப் போட்டு ஆள் உண்மையாகவே உள்ளே இருக்கிறாரா என்று பார்ப்பேன், ஏனென்றால் கைது என்று பொய் சொல்லிக் கிஃப்ட் கார்டில் காசு கேட்கும் கும்பல்களும் உண்டு. அப்புறம் கடைசிக் கேள்வி எனக்கு நானே கேட்பது: இவன் வராவிட்டால் 20,000 டாலரை நான் எழுதிக்கொடுப்பேனா? கூடப் பிறந்தவன் என்றால் ஆமாம். அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவரின் மச்சினர் என்றால், வக்கீல் ஃபீஸில் ஆயிரம் டாலர் திரும்பி வராத காசாகக் கொடுத்துவிட்டு, பாண்டில் கையெழுத்து முடியாது என்று சொல்லிவிடுவேன், மனஸ்தாபம் வந்தால் வரட்டும்.

ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கேஸ் முடிந்ததும் பத்திரம் விடுவிக்கப்பட்டது என்று கோர்ட் கிளார்க்கிடம் உறுதி செய்துகொண்டு, பிங்க் ஸ்லிப்பையும் வீட்டின்மேல் எழுதிக்கொடுத்த உரிமையையும் திரும்பக் கேளுங்கள். ஏஜென்ட் தானாகக் கூப்பிட்டுக் கொடுப்பார் என்று இருந்துவிட வேண்டாம், வீட்டு உரிமை கவுன்டி பதிவேட்டில் நீக்கப்பட்டதா என்பதையும் போய்ப் பார்த்துவிடுங்கள். இழுத்தடித்தால் மாநில இன்ஷூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம், லைசென்ஸ் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.